எல்லா ஃபிளெக்ஸ் ஃபியூல் வண்டியிலும் எத்தனால் சென்சார் கிடையாது

பெட்ரோல், எத்தனால் இரண்டையும் கலந்து ஊற்றினாலும் ஓடுகிற ஃபிளெக்ஸ் ஃபியூல் கார் எல்லாவற்றிலும், எரிபொருளில் எத்தனால் எவ்வளவு என்று அளக்கும் எத்தனால் சென்சார் இருப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். அப்படியில்லை. பிரேசிலில் 2003 முதல் ஓடும் பெரும்பாலான கார்களில் அது கிடையாது. புகை வெளியேறும் குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை வைத்தே ஈசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) கணக்குப் போடுகிறது.

ஒரு கிலோ சுத்தமான பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும்; அதாவது அதே காற்றுக்கு எத்தனால் கூடுதலாக வேண்டும். டேங்கில் எரிபொருள் மட்டம் ஏறியதும், புதிய கலவை என்ன என்று ஈசியூ கற்கத் தொடங்கும். கலவை மெலிந்தால், அதாவது காற்றுக்கு எரிபொருள் போதாவிட்டால், எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து, அந்தத் திருத்தத்தை எத்தனால் அளவாகப் பதிந்துகொள்ளும். வம்பு இங்கேதான். இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் கசிவோ இன்ஜெக்டரில் அடைப்போ இருந்தாலும் கலவை மெலியும். அதையும் எத்தனால் என்றே எடுத்துக்கொள்ளலாம். எரிபொருளை மாற்றி நிரப்பிய கையோடு வண்டியை நிறுத்திவிட்டால் கற்றல் முடியாது, மறுநாள் காலை ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணும். நிரப்பியதும் பத்துப் பதினைந்து நிமிடமாவது ஓட்டுங்கள்.

ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) பாணி எத்தனால் சென்சாரில் இந்தக் குழப்பம் இல்லை: அது அனுப்பும் துடிப்பு, எத்தனால் இல்லையென்றால் 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனால் என்றால் 150. துடிப்பின் அகலம் எரிபொருளின் வெப்பநிலையைச் சொல்லும். 180 ஹெர்ட்ஸைத் தாண்டினால் பெரும்பாலும் எரிபொருளில் தண்ணீர் கலந்திருக்கும். சென்சாரைக் குறை சொல்லி மாற்றாதீர்கள்.