‘ஒட்டுக்கேட்கவில்லை’ என்று நான் எழுதிய இரவு

2013 அக்டோபர் 23. ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் எனக்கு இரவுப் பணி. கடைசிப் பதிப்பை அனுப்ப அரை மணி நேரம்கூட இல்லாதபோது அந்தச் செய்தி வந்து விழுந்தது. ஜெர்மன் சான்சலர் ஏங்கலா மெர்கலின் கைப்பேசியை அமெரிக்கா ஒட்டுக்கேட்டதாகச் சந்தேகம். மெர்கல் நேரடியாக ஒபாமாவையே அழைத்துக் கேட்டுவிட்டார். வெள்ளை மாளிகை மறுப்புத் தெரிவித்திருக்கிறது. அவசர அவசரமாகத் தமிழில் அடித்தேன்: “மெர்கலின் தொலைபேசியை அமெரிக்கா ஒட்டுக்கேட்கவில்லை, இனி ஒட்டுக்கேட்கவும் செய்யாது.” பக்கம் அச்சுக்குப் போய்விட்டது.

மறுநாள் மாலை மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். “தம்பி, அமெரிக்கா சொல்லாத மறுப்பை நீங்கள் அவர்களுக்காகச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள்” என்றார். எனக்கு விளங்கவில்லை. மூலச் செய்தியைக் காட்டினார். செய்தித் தொடர்பாளர் ஜே கார்னி சொன்ன வாக்கியத்தில் நிகழ்காலம் இருந்தது, எதிர்காலம் இருந்தது. இறந்தகாலத்தைத் தேடினேன், காணவில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருக்கவில்லை, இனிமேலும் கேட்கமாட்டோம். நேற்று வரை என்ன நடந்தது என்பதைப் பற்றி மூச்சு விடவில்லை. தமிழில் ‘கேட்கவில்லை’ என்று எழுதினால் அது நேற்றையும் இன்றையும் சேர்த்தே மறுத்துவிடுகிறது. அந்த ஒரு வினைமுற்றால் வல்லரசு ஒன்றுக்கு நான் நற்சான்று வழங்கியிருந்தேன். சம்பளம் மட்டும் வழக்கம்போல் நாளிதழிலிருந்துதான் வந்தது.

அன்றே பிரஸ்ஸல்ஸில் மெர்கல் பேசினார். நண்பர்களுக்குள் வேவு பார்ப்பது ஆகவே ஆகாது என்றார். அதைத் தலைப்பாகப் போட எனக்கு ஆசையாக இருந்தது, போட்டேன். அந்த வாக்கியம் பிற்பாடு என்ன ஆயிற்று என்று தொடர்ந்து பார்த்து வந்தவன் என்ற முறையில் இன்று சிலவற்றைச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

மெர்கலின் கைப்பேசி விவகாரத்தை விசாரித்தவர் ஜெர்மனியின் தலைமை அரசு வழக்கறிஞர் ஹரால்ட் ராங்கே. 2015 ஜூன் 12 அன்று அவர் கோப்பை மூடினார். நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆதாரம் இல்லை என்பது காரணம். சரி, இருக்கலாம். ஆனால் அதே நேரத்தில் அவர் மேசையில் இன்னொரு கோப்பு திறந்திருந்தது. நெட்ஸ்பொலிட்டிக் என்ற சிறிய இணைய இதழின் மார்க்குஸ் பெக்கடால், ஆந்த்ரே மைஸ்டர் இருவர் மீதும் தேசத்துரோக விசாரணை. உள்நாட்டு உளவுத்துறை இணையக் கண்காணிப்பை விரிவாக்கத் திட்டமிடுகிறது என்று அத்துறையின் ஆவணங்களை வைத்தே அவர்கள் செய்தி வெளியிட்டிருந்தார்கள். அதுதான் துரோகம். புகார் கொடுத்தவர் அந்தத் துறையின் தலைவர். நிரூபணமானால் குறைந்தது ஓராண்டு சிறை. நாட்டின் தலைவியின் தொலைபேசியில் காது வைத்தவனைத் தேட ஆதாரம் போதவில்லை; உளவுத்துறை எவ்வளவு செலவழிக்கப் போகிறது என்று எழுதியவனைப் பிடிக்க ஆதாரம் போதுமாக இருந்தது!

விசாரணை நடப்பதைத் தெரிவித்துத் தங்களுக்கு வந்த கடிதத்தை ஜூலை 30 அன்று அந்த இதழே வெளியிட்டதும் ஜெர்மனி கொதித்தது. அவர்களுக்கு 1962 நினைவுக்கு வந்திருக்கும். நேட்டோ படைப்பயிற்சி ஒன்றைப் பற்றி எழுதியதற்காக ஹாம்பர்க்கில் ‘டெர் ஷ்பீகல்’ வார இதழின் அலுவலகத்துக்குள் போலீஸ் புகுந்து, வெளியீட்டாளர் ருடால்ஃப் ஆக்ஸ்டைனை 103 நாள் சிறையில் வைத்திருந்த கதை அது. அப்போது பதவி போனது பாதுகாப்பு அமைச்சர் ஷ்ட்ராவுஸுக்கு. இந்த முறை ராங்கேவுக்கு. ஆகஸ்ட் 4 அன்று நீதித்துறை அமைச்சர் அவரை ஓய்வில் அனுப்பினார். சில நாளில் வழக்கும் கைவிடப்பட்டது. இதை ஜெர்மனியின் பெருமை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அரைப் பெருமைதான். அந்த இதழுக்காகத் தெருவில் இறங்க ஆள் இருந்தது. ஆள் இல்லாத இதழ்களின் கதி என்ன?

இந்த இடத்தில் நண்பர்கள் வழக்கமாகக் கேட்பது: “எந்த நாடுதான் வேவு பார்க்கவில்லை? ஒற்றாடலுக்கென்றே ஓர் அதிகாரம் வைத்த மொழி நம்முடையது. சுற்றத்தாரையும் ஒற்றன் ஆராய வேண்டும் என்று அதிலேயே இருக்கிறதே?” இருக்கிறது. அரசனுக்கு ஒற்றன் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மெர்கலின் ஆட்களே சும்மா இருந்ததில்லை. ஜெர்மன் வெளிநாட்டு உளவுத்துறை பிரான்ஸின் வெளியுறவு அமைச்சரையே கண்காணித்தது என்று 2015 நவம்பரில் செய்தி வந்தது. நண்பர்களுக்குள் ஆகாது என்று அவர் சொன்னதை அவருடைய வீட்டிலேயே யாரும் கேட்கவில்லை. (இந்த ‘கேட்கவில்லை’யை நன்கு யோசித்துத்தான் எழுதுகிறேன்.)

எனக்கு உறுத்துவது வேறொன்று. எந்த நாட்டின் சட்டமும் தன் குடிமகனைச் சுற்றித்தான் வேலி போடுகிறது. வெளிநாட்டான் வேலிக்கு வெளியே. அப்படியானால் நட்பு நாட்டுக்காரனும் வெளியேதான். வேலிக்கு வெளியே நிற்பவர்களிலேயே உளவுத்துறைக்கு மிகவும் ருசியானவன் நிருபர், ஏனென்றால் அவனுடைய தொலைபேசியில் ஊரில் உள்ள எல்லோரும் இருப்பார்கள். ஜெர்மன் உளவுத்துறை 1999 முதல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களின் குறைந்தது 50 எண்களைக் கண்காணித்தது என்று 2017இல் ‘டெர் ஷ்பீகல்’ எழுதியது. பிபிசி, ராய்ட்டர்ஸ், நியூயார்க் டைம்ஸ்: எல்லாம் நட்பு நாட்டு நிறுவனங்கள். பிரிட்டன் மட்டும் குறைந்ததா? அந்நாட்டின் தகவல்தொடர்பு உளவு அமைப்பான ஜிசிஹெச்க்யூ 2008 நவம்பரில் பத்தே நிமிடத்துக்குள் அள்ளிய எழுபதாயிரம் மின்னஞ்சல்களில் லெ மோந்த், வாஷிங்டன் போஸ்ட் நிருபர்களுடையவையும் இருந்தன. அதுவும் ஒரு சோதனை ஓட்டமாம்.

இளம் நிருபராக ஒரு மாவட்டத் தலைநகரில் இருந்தபோது எனக்குத் தகவல் தந்த ஒருவர் இருந்தார். அரசு அலுவலகத்தில் எழுத்தர். அலுவலகத் தொலைபேசியைத் தொடமாட்டார். பஸ் நிலையத்துக்கு எதிரே பெட்டிக்கடையில் தொங்கும் மஞ்சள் பெட்டியில் ஒரு ரூபாய் நாணயம் போட்டு, “மாமா ஊருக்கு வந்துவிட்டார்” என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார். நான் டீக்கடைக்குப் போய் நிற்பேன். மாமா என்பது கோப்பு. அந்த ஒரு ரூபாய் இல்லாமல் நான் எழுதிய செய்திகளில் பாதி கிடையாது. அவர் எந்த நாட்டுக்கும் எதிரி அல்லர். இரண்டு பெண்களுக்குத் திருமணம் செய்து வைக்க வேண்டிய தகப்பன். காபூலில் பிபிசியின் எண்ணை அழைத்துப் பேசிய ஆப்கானியருக்கும் ஏறத்தாழ அதே கவலைதான் இருந்திருக்கும். அந்த அழைப்பில் மூன்றாவதாக ஒரு காது இருந்தது என்று நிருபருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

கார்ல்ஸ்ரூவேயில் உள்ள ஜெர்மன் அரசியல் சாசன நீதிமன்றம் 2020 மே 19 அன்று இதில் ஒரு நல்ல தீர்ப்புச் சொன்னது. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பும் சில வெளிநாட்டுப் பத்திரிகையாளர்களும் தொடுத்த வழக்கு. ஜெர்மன் அரசு எங்கே போய்ச் செயல்பட்டாலும் ஜெர்மன் அடிப்படை உரிமைகள் அதைக் கட்டும், எதிரே இருப்பவர் வெளிநாட்டவர் என்றாலும் கட்டும் என்றது. வேலியை ஆளைச் சுற்றிப் போடாமல் அரசின் கையைச் சுற்றிப் போட்டது அந்தத் தீர்ப்பு. இவ்வளவு எளிய விஷயத்துக்கு நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

லண்டனுக்கு வருகிறேன். 2013 ஜூலை 20, சனிக்கிழமை. கார்டியன் நாளிதழ் அலுவலகத்தின் அடித்தளம். இரும்பு அறுக்கும் சுழல்கருவி, துளைபோடும் கருவி ஆகியவற்றுடன் அந்த நாளிதழின் ஊழியர்களே தங்கள் கணினிகளின் வன்தட்டுகளையும் சில்லுகளையும் பொடிக்கிறார்கள். அமெரிக்க உளவுத்துறையின் ஒப்பந்தப் பணியாளராக இருந்து அதன் ரகசியங்களை வெளியே கொண்டுவந்த எட்வர்ட் ஸ்னோடன் கொடுத்த ஆவணங்கள் அவற்றில் இருந்தன. ஜிசிஹெச்க்யூவின் நிபுணர்கள் இருவர் பக்கத்தில் நின்று மேற்பார்வை. இதே ஆவணங்களின் பிரதிகள் வெளிநாடுகளில் இருப்பதை ஆசிரியர் ஆலன் ரஸ்பிரிட்ஜர் முன்பே சொல்லிவிட்டார். ஆகவே அழிவது எதுவும் இல்லை என்று அறுப்பவருக்கும் தெரியும், அறுக்கச் சொன்னவருக்கும் தெரியும். ஒரு ஜனநாயக நாட்டில், தேர்தலில் வென்ற அரசு, பகல் வெளிச்சத்தில் நடத்திய பூசை அது. ரகசியம் அமெரிக்காவுடையதும்கூட. கூட்டாளிக்காகத் தன் நாட்டுப் பத்திரிகையின் கையை முறிக்கிற நட்பு இது. அந்த ஆண்டே கார்டியன் தன் வேலையை நியூயார்க்கிலிருந்து தொடர்ந்தது. அதே அமெரிக்காவில் வெளியீட்டுக்கு முன்பே செய்தியைத் தடுப்பது எளிதல்ல என்பதால்தான். ஒரு நண்பன் அடித்தால் மற்ற நண்பன் வீட்டுத் திண்ணையில் ஒண்டிக்கொள்வதுபோல!

கடைசியாக டென்மார்க். இதைத் தமிழில் அதிகம் யாரும் எழுதவில்லை. டேனிஷ் ஒலிபரப்பு நிறுவனமான டிஆர், ஸ்வீடன், நார்வே, ஜெர்மனி, பிரான்ஸ் ஊடகங்களுடன் சேர்ந்து 2021 மே மாதம் ஒரு செய்தியை வெளியிட்டது. டேனிஷ் ராணுவ உளவுத்துறையுடன் இருந்த ஒப்பந்தத்தைப் பயன்படுத்தி, டென்மார்க் வழியாகச் செல்லும் கேபிள்களிலிருந்தே அமெரிக்கா மெர்கலையும் அண்டை நாட்டுத் தலைவர்களையும் ஒட்டுக்கேட்டது. அந்தத் துறையின் உள் விசாரணையே 2015இல் இதைக் கண்டுபிடித்துப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தது. ரகசிய ஆவணங்களைப் பார்க்க உரிமை பெற்ற ஒன்பது பேர் பேசியதால்தான் வெளியே வந்தது. நெருங்கிய நட்பு நாடுகளை ஒட்டுக்கேட்பது ஏற்கத்தக்கதல்ல என்றார் டேனிஷ் பாதுகாப்பு அமைச்சர். பொதுவாகச் சொன்னார், நடந்ததா இல்லையா என்று சொல்லவில்லை. 2013இல் இறந்தகாலத்தைக் காணவில்லை; இங்கே எந்தக் காலத்தையும் காணோம்.

2021 டிசம்பரில் ஒரு கைது நடந்தது. பிடிபட்டவர் ராணுவ உளவுத்துறையின் தலைவராக இருந்த லார்ஸ் ஃபின்ட்சன். குற்றச்சாட்டு, ரகசியத்தை வெளியில் சொன்னது. ஊடகங்களுக்குப் பேட்டி கொடுத்ததற்காக முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் ஹ்யோர்ட் ஃபிரெடரிக்ஸன் மீதும் வழக்கு. உளவுத்துறைத் தலைவர்கள் பத்திரிகை ஆசிரியர்களைச் சந்தித்து, 12 ஆண்டு வரை சிறை தரும் சட்டப்பிரிவு ஒன்று இருப்பதை நினைவூட்டிவிட்டுப் போனார்கள். 2023 அக்டோபரில் வழக்கை முழுக்க மூடிய அறைக்குள் நடத்த உச்ச நீதிமன்றம் சம்மதிக்கவில்லை. அடுத்த வாரமே, நவம்பர் 1 அன்று, இரண்டு வழக்குகளையும் அரசு திரும்பப் பெற்றுக்கொண்டது.

மெர்கலின் தொலைபேசியைக் கேட்டதற்காக ஜெர்மனியில், டென்மார்க்கில், அமெரிக்காவில் இன்றுவரை வழக்கு எதுவும் இல்லை. என் பழைய செய்தியின் வெட்டுத்துண்டு மேசை இழுப்பறையில் இருக்கிறது. அந்த மூத்த உதவி ஆசிரியர் சிவப்பு மையில் ‘கேட்கவில்லை’யைச் சுற்றி வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் வைத்திருந்தார்.