கர்மா ஆபீஸில் கவுன்டருக்கு இந்தப் பக்கம்

ஒரு வாரம் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு ரோஜர் ஜெலாஸ்னியின் 'லார்ட் ஆஃப் லைட்' நாவலை மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். 1967இல் வந்த அமெரிக்க அறிவியல் புனைகதை, அடுத்த வருஷம் ஹ்யூகோ விருது வாங்கியது. கல்லூரியில் படித்தபோது பாதி புரியாமல், வெள்ளைக்காரன் நம்ம சாமிகளை வைத்து விளையாடியிருக்கிறான் என்று சிரித்துவிட்டு மூடிவைத்தேன். இரண்டாவது தடவை ஆகா ஓகோ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். இந்தத் தடவை கோபம் வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகப் போகும்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. பூமி என்பது பேரளவில் மட்டும் மிஞ்சிவிட்ட காலம், அதையும் 'உராத்' என்கிறார்கள். 'ஸ்டார் ஆஃப் இந்தியா' என்ற விண்கப்பலில் வந்தவர்கள் ஒரு தனிக் கிரகத்தில் குடியேறுகிறார்கள். கப்பலை ஓட்டிவந்த கூட்டத்திடம் ஒரு தொழில்நுட்பம் இருக்கிறது: உடம்பு கிழடானால் மனத்தை அப்படியே எடுத்து ஒரு புது உடம்பில் வைத்துவிடலாம். சாகாமல் கிடக்கிற அந்தக் கூட்டம் பிரம்மா, யமன், காளி, அக்னி என்று பேர் வைத்துக்கொண்டு மேலே வான நகரத்தில் உட்கார்ந்துவிடுகிறது. முருகன்கூட ஒரு மூலையில் வந்து போகிறார். கீழே பழைய இந்தியா மாதிரி அடுக்கடுக்காக ஒரு சமூகம், மாட்டு வண்டிக் காலத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டது. கப்பலில் வந்தவர்களிலேயே ஒருத்தன், சாம், மேலே இருப்பவர்களை எதிர்க்கிறான். அதற்கு அவன் எடுக்கும் ஆயுதம் பௌத்தம்.

சாமிகள், சண்டைகள் எல்லாம் மேல்பூச்சு என்றுதான் எனக்குப் படுகிறது. உள்ளே ஓடுவது ஓர் ஆபீஸ். புது உடம்பு வேண்டும் என்றால் கர்மாவின் அதிகாரிகளிடம் போய் நிற்க வேண்டும். அவர்கள் உங்கள் மனத்தை ஓர் இயந்திரத்தில் போட்டுத் துருவிப் பார்ப்பார்கள். கோயிலுக்கு ஒழுங்காகக் கொடுத்தாயா, மேலே இருப்பவர்களைப் பற்றி ஏதாவது தப்பாக நினைத்தாயா, எல்லாம் அதில் தெரிந்துவிடும். தேறினால் நல்ல உடம்பு. தேறாவிட்டால் நோய் பிடித்த உடம்பு, இல்லையென்றால் மனித உடம்பே கிடையாது. மேலுலகத்தில் ஆவணக் காப்பாளனாக இருந்த தக் என்பவன் சாமுக்கு உதவியதற்காகக் குரங்கு உடம்பில் திரிகிறான். தெருவிலேயே பிரார்த்தனை இயந்திரம் வைத்திருக்கிறார்கள், காசைப் போட்டால் உங்கள் கணக்கில் புண்ணியம் ஏறும். நம் ஊர்க் கோயிலில் சிறப்பு தரிசன வரிசைக்கும் தர்ம தரிசன வரிசைக்கும் நடுவில் உள்ள கம்பித் தடுப்பில் சாய்ந்து ஒன்றரை மணி நேரம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதை எழுதியபோது ஜெலாஸ்னி என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தார் தெரியுமா? அமெரிக்க அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையில் வேலை, அதாவது ஓய்வூதியம், உதவித்தொகை கொடுக்கிற இலாகா. 1962இலிருந்து 1969 வரை அங்கேதான். ஒருவருக்கு வயதான பிறகு என்ன கிடைக்கும் என்பதை அவர் கணக்கைப் பார்த்து முடிவு செய்கிற இடத்தில் உட்கார்ந்திருந்த ஆள், கர்மாவை ஓர் இலாகாவாக எழுதியதில் ஆச்சரியம் என்ன? (இது என் ஊகம்தான், அவர் எங்கேயும் அப்படிச் சொன்னதாகச் சொல்ல வரவில்லை.)

சாதியை நம்பிக்கை என்றும் மனநிலை என்றும் பேசிப் பேசியே நாம் பாதி விஷயத்தைக் கோட்டை விடுகிறோம். இந்த நாவலில் அது ரொம்பத் தெளிவு. கீழே இருப்பவர்கள் நம்புகிறார்களா இல்லையா என்பது மேலே இருப்பவர்களுக்கு இரண்டாம்பட்சம்தான். புது உடம்பைக் கொடுக்கும் சாவி தங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் முக்கியம். கீழே அச்சு இயந்திரத்தை யாராவது மறுபடி மறுபடி கண்டுபிடிக்கிறார்கள், ஒவ்வொரு தடவையும் மேலே இருந்து வந்து ஒழித்துக்கட்டுகிறார்கள். இன்னும் பக்குவம் வரவில்லையாம், காலம் வரட்டுமாம்! எந்தக் காலம் என்று யாரும் சொல்வதில்லை. இந்தப் பேச்சை நாம் எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறோம்.

சரி, கோபம் எங்கே வந்தது என்றால், இவ்வளவு தெரிந்த நாவலில் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவனுக்குப் பேரே இல்லை. சண்டை எல்லாம் கப்பலில் வந்தவர்களுக்குள்ளேயே, பங்காளிச் சண்டை மாதிரி. காளி சாமை விட்டுப் போய் யமனைக் கட்டிக்கொள்கிறாள், யமன் அப்புறம் சாம் பக்கம் வருகிறான், நிர்ரிதி என்ற பேரில் ஒரு கிறிஸ்தவப் பாதிரியார் செத்த பிணங்களைப் படையாகத் திரட்டிக்கொண்டு வருகிறார். எல்லாம் படிக்கப் படிக்கச் சுவாரசியம், மறுக்கவில்லை. ஆனால் யாருக்காக இவ்வளவு சண்டையோ அவர்கள் கூட்டமாக வருகிறார்கள், கூட்டமாகச் சாகிறார்கள், அவ்வளவுதான்.

சாமுக்குப் பௌத்தத்தில் நம்பிக்கையும் கிடையாது. பழைய பூமியிலிருந்து ஞாபகத்தில் இருந்ததை எடுத்து விடுகிறான், எதிரிக்கு எதிராக ஒரு உத்தி. ஆனால் நிஜ பூமியில் நடந்தது தலைகீழ். 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிய அயோத்திதாசரும், 1935இல் இந்துவாகச் சாகமாட்டேன் என்று சொல்லிவிட்டு இருபத்தோரு வருஷம் படித்து யோசித்து 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவிய அம்பேத்கரும் மேலுலகத்திலிருந்து இறங்கி வந்தவர்கள் இல்லை. கீழே இருந்தவர்கள் தாங்களே எழுந்துபோய்ப் புத்தரை எடுத்துக்கொண்டார்கள். நாவல் வருவதற்குப் பதினோரு வருஷம் முன்னால் நடந்தது நாக்பூர். ஜெலாஸ்னிக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தெரிந்தே படிக்கிற எனக்கு அந்த ஓட்டை கண்ணில் படாமல் போகாது.

ஓர் இடம் மட்டும் விதிவிலக்கு. ரில்ட். சாமைக் கொல்லக் காளி அனுப்புகிற கொலைகாரன். காய்ச்சலில் விழுந்துவிடுகிறான், கொல்ல வந்த அவனை சாம்தான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறான். எழுந்தவன் அங்கேயே தங்கி, அந்த இரவல் உபதேசத்தைக் கேட்டுக் கேட்டு, உபதேசம் செய்கிறவனுக்கே கிடைக்காததை அடைந்துவிடுகிறான். சுகதன் என்ற பேரும் கிடைக்கிறது. யமன் நேரில் கிளம்பி வரும்போது, வந்தவன் யார் என்று தெரிந்தும் தனியாகப் போய் வழிமறித்துச் சண்டை போட்டுச் சாகிறான். நான் போலி, அவன்தான் நிஜம் என்று சாமே ஒப்புக்கொள்கிறான். ஒரே ஓர் அத்தியாயம். அந்த அத்தியாயத்துக்காகவே புத்தகத்தை இன்னொரு தடவை எடுப்பேன்.

இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் கிரகத்துக்கு ஏற்கெனவே சொந்தக்காரர்கள் இருந்தார்கள். உடம்பில்லாமல் சக்தியாகவே உலவும் உயிர்கள். குடியேற வந்தவர்கள் அவர்களுக்கு ராட்சசர்கள் என்று பேர் வைத்துப் பாதாளக் கிணற்றில் கட்டிப்போட்டுவிட்டார்கள், அதைச் செய்தது வேறு யாருமில்லை, நம் சாம்தான். அசுரன் யார், அந்தப் பேரை வைத்தது யார் என்று நூறு வருஷமாகச் சண்டை போடுகிற ஊர்க்காரன் இதைப் படித்தால் நிமிர்ந்து உட்காரத்தான் செய்வான். அவர்களின் தலைவன் பேர் தாரகன் வேறு.

படிக்கப்போகிறவர்களுக்கு: மொத்தம் ஏழு அத்தியாயம், முதலாவது நடப்பில், அங்கிருந்து நெடுகப் பின்னோக்கிப் போய் ஏழாவதில்தான் திரும்ப வரும். குழம்பினால் புத்தகத்தை வீசிவிடாதீர்கள். ஷான் என்கிற பேரையும் காக்காய் வலிப்பையும் வைத்து ஓர் ஆங்கிலச் சிலேடை இருக்கிறது, அந்த ஒரு வரிக்காகவே பக்கம் பக்கமாக மேடை கட்டியிருக்கிறார். காளமேகம் இருந்திருந்தால் இரண்டு அடியில் முடித்திருப்பார். பெண்களை எழுதிய விதம், முக்கியமாக முன்பு பெண்ணாக இருந்த பிரம்மாவைக் கேலியாக்கிய விதம், இன்றைக்குப் பல்லில் கல் கடிபடுகிற மாதிரி இருக்கும்.

இதைப் படமாக்குகிறோம் என்று கிளம்பி, காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பி அரங்கங்களை வரைந்துகொடுத்து, கடைசியில் படமே வராமல் போனது. அந்தத் திரைக்கதைக்கு 'ஆர்கோ' என்று பேர் மாற்றி, சினிமாக்காரர்கள் என்ற வேஷத்தில் 1980 ஜனவரியில் ஈரானின் டெஹ்ரானில் மாட்டிக்கொண்டிருந்த ஆறு அமெரிக்கர்களை சி.ஐ.ஏ. வெளியே கொண்டுவந்தது தனிக் கதை. போலிப் புத்தர் கதை போலிப் படமானது ஒருவகையில் பொருத்தம்தான்.

என் பிரதியை நடுவில் ஒரு நண்பர் இரவல் வாங்கிப் போய் எட்டு மாதம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். புத்தகத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. இந்த வாரம் படிக்கும்போதுதான் பார்த்தேன், பிரார்த்தனை இயந்திரத்தில் ஒருவன் காசு போடுகிற பக்கத்தில், ஓரத்தில், பென்சிலால் சின்னதாக எழுதியிருக்கிறார்: 'இவன் பேர் என்ன?'