பிரசங்கபீடத்தில் பெண் ஏறலாமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் சாட்ஸ்வொர்த் சபைகளில் பெண்கள் போதகராகலாமா என்ற பேச்சு எழும்போதெல்லாம், 1 தீமோத்தேயு 2:12ஐ வாசித்துவிட்டு வேதாகமத்தை மூடிவிடுகிறவர்களே அதிகம். உபதேசம்பண்ணவும் புருஷன்மேல் அதிகாரஞ்செலுத்தவும் ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கவில்லை என்று அங்கே எழுதியிருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதை எழுதிய அதே பவுல் அப்போஸ்தலர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தில், பெண்கள் ஜெபிக்கும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஒழுங்கு வகுக்கிறாரே, சபையில் வாய் திறக்கவே கூடாதவர்களுக்கு அந்த ஒழுங்கு எதற்கு? கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியான பெபேயாளை ஏற்றுக்கொள்ளும்படி ரோமருக்கு எழுதியவரும் அவர்தான். வேதத்தில் வல்லவனான அப்பொல்லோவுக்குத் தேவனுடைய மார்க்கத்தை விளக்கிய இருவரில் ஒருவர் பிரிஸ்கில்லாள் என்ற பெண்.

எனக்கு உறுத்துவது நம் வழக்கம். வார நாளில் வீட்டு ஜெபக்கூட்டத்தை நடத்துவதும், ஆஸ்பத்திரிக் கட்டிலருகே நின்று ஜெபிப்பதும், துக்க வீட்டில் முதல் ஆளாய்ப் போய் உட்காருவதும் பெரும்பாலும் நம் அக்காமார்தான். கூடத்தில் ஓர் அக்கா அரை மணி நேரம் வசனத்தை விளக்கினால் ஆண்களும் ‘ஆமென்’ சொல்லிக் கேட்கிறார்கள். அதே விளக்கம் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கபீடத்துக்கு வந்தால்தான் குற்றமாகிறது. (சபை நிதிக்குச் சமோசா பொரிக்க எந்த வசனமும் தடையில்லை.) போதகர் பட்டம் இல்லாததால் அந்த அக்காவுக்குச் சம்பளம் இல்லை, ஓய்வூதியம் இல்லை, மூப்பர் குழுவில் வாக்கும் இல்லை.

இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுமை, நம் பண்பாட்டுக்கு ஒவ்வாது என்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த தென்னிந்தியாவிலேயே, சி.எஸ்.ஐ. எனும் தென்னிந்தியத் திருச்சபை 2013இல் நந்தியால் பேராயத்துக்கு ஒரு பெண்ணைப் பேராயராக்கியது. இந்நாட்டு ஆங்கிலிக்கன் திருச்சபை 1992இலேயே பெண்களைக் குருக்களாக ஏற்றது. மெதடிஸ்டுகள் 2019இல் பியூரிட்டி மலிங்காவைத் தங்கள் தலைமைப் பேராயராகத் தேர்ந்தெடுத்தார்கள்.

மனசாட்சியின்படி இதை ஏற்க முடியாதவர்களை நான் அவிசுவாசிகள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் தங்கள் வாதத்தை முழுமையாகக் கடைப்பிடிக்கட்டும்: வீட்டுக்கூட்டங்களையும் ஆஸ்பத்திரிச் சந்திப்புகளையும் ஆண்களே ஏற்று நடத்தட்டும். அதற்கு ஆள் இல்லையென்றால், எங்கள் சபையின் அடுத்த வருடாந்தரக் கூட்டத்தில் நான் கொண்டுவரப்போகும் தீர்மானத்தை ஆதரிக்கட்டும். இறையியல் பயின்ற பெண்களுக்குப் போதகர் அபிஷேகம் கேட்கும் அந்தத் தீர்மானத்தில், ஆண் போதகருக்கு உள்ள அதே சம்பளத்தையும் எழுதியிருக்கிறேன்.