ஒரு வயதுக்குப் பிறகு சோற்றுக்குத்தான் முதலிடம், பாலுக்கு அல்ல

ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கும் பால்தான் முதன்மை உணவு என்ற எண்ணம் நம் வீடுகளை விட்டு இன்னும் போகவில்லை. "பிள்ளை சோறு திங்கல, பாலையாவது குடிக்கட்டும்" என்ற பேச்சை நம் சிங்கப்பூரின் உட்லண்ட்சிலும் கேட்கிறேன், பொங்கோலிலும் கேட்கிறேன். அன்பினால் சொல்லப்படும் பேச்சுதான். ஆனால் பல வீடுகளில் பிள்ளை சோறு தின்னாததற்கு அந்தப் பாலே காரணமாக இருக்கிறது என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். கண் விழித்ததும் 240 மில்லி, மதியத் தூக்கத்துக்கு முன் 240, பராமரிப்பு நிலையத்திலிருந்து திரும்பியதும் 240, இரவு படுக்கையில் 240 என்று போத்தலில் கொடுத்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆகிவிடுகிறது. முழுக் கொழுப்புப் பசும்பாலில் அந்த அளவுக்குச் சுமார் 600 கலோரி உண்டு. ஒன்றரை வயதுக் குழந்தைக்கு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதோ ஏறத்தாழ ஆயிரம் கலோரிதான். பாதிக்கு மேல் பாலாலேயே நிறைந்துவிட்ட பிள்ளை பருப்புச் சோற்றைக் கண்டதும் வாயை இறுக மூடிக்கொண்டால், அதைப் பிடிவாதம் என்று சொல்லிக் கடிந்துகொள்வது நியாயமில்லை. அதற்குப் பசியே இல்லை.

இதைவிடக் கவலை தருவது இரும்புச்சத்து. இந்த வயதில் நாளொன்றுக்குச் சுமார் 7 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும். ஒரு லிட்டர் பசும்பாலில் அரை மில்லிகிராம்கூடக் கிடையாது. போதாக்குறைக்கு, பாலில் உள்ள கால்சியமும் கேசீன் என்ற புரதமும் மற்ற உணவிலிருந்து இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைத்துவிடுகின்றன. பார்ப்பதற்குக் கொழுகொழுவென்று இருக்கும் குழந்தைக்கும் இரத்தசோகை வருவது இப்படித்தான். மூளை மிக வேகமாக வளரும் காலத்தில் ஏற்படும் இந்தக் குறையைப் பின்னாளில் ஈடுகட்டுவது எளிதன்று. 500 முதல் 700 மில்லி வரை பால் போதும் என்று குழந்தை மருத்துவர்கள் பொதுவாக அறிவுறுத்துவதற்கு இதுவே காரணம். தாய்ப்பால் கொடுப்பவர்கள் இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாராளமாகத் தொடரலாம். அங்கும் சாப்பாட்டு வேளைகள் தனியாக இருக்க வேண்டும்.

"பால்மாவில்தான் இரும்புச்சத்தைச் சேர்த்திருக்கிறார்களே" என்று சிலர் கேட்பார்கள். சேர்த்திருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கென்று விற்கப்படும் மூன்றாம் நிலைப் பால்மாவு அவசியமில்லை என்பதில் எனக்கு ஐயமில்லை. சரிவிகித உணவு உண்ணும் குழந்தைக்கு இவ்வகைப் பால் தனியாக எந்தப் பயனையும் கூட்டித் தருவதில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2013இல் கூறியது. 12 முதல் 23 மாதம் வரையிலான குழந்தைகளுக்கு இதைப் பரிந்துரைப்பதில்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டியும் தெளிவாகச் சொல்கிறது. விலையைப் பாருங்கள்: 2007இல் சராசரியாகச் சுமார் 25 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விற்ற 900 கிராம் குழந்தைப் பால்மாவு டின் 2016இல் 56 வெள்ளியைத் தொட்டதாக, அதாவது 120 விழுக்காடு ஏறியதாக, நம் போட்டித்தன்மை ஆணையம் 2017இல் எடுத்துக் காட்டியது. விலை கூடக் கூடத் தரமும் கூடும் என்று நம்பி, மற்ற செலவுகளைச் சுருக்கிக்கொண்டு டின் வாங்கும் இளம் பெற்றோரை நினைத்தால் மனம் வருந்துகிறது. அந்தப் பணத்தில் வாரம் முழுவதற்கும் மீனும் முட்டையும் கீரையும் பழமும் வாங்கலாம்.

அப்படியானால் எந்தப் பால்? பதப்படுத்திய, சர்க்கரை சேர்க்காத, முழுக் கொழுப்புப் பசும்பால். இங்கேதான் நம் ஊருக்கே உரிய ஒரு குழப்பம் எழுகிறது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து பானங்களின் மேல், சர்க்கரை அளவையொட்டி 'ஏ' முதல் 'டி' வரை தரம் பிரித்துக் காட்டும் நியூட்ரி-கிரேட் குறியீடு இருக்கிறது. நிறைவுற்ற கொழுப்பையும் அது கணக்கில் எடுப்பதால், முழுக் கொழுப்புப் பால் பெட்டியில் பெரும்பாலும் 'சி' என்றும் கொழுப்புக் குறைந்த பாலில் அதைவிட நல்ல எழுத்தும் இருக்கும். பேரங்காடியின் குளிர்பதன அடுக்குக்கு முன் நின்று, 'சி' என்று இருப்பதைப் பார்த்து எடுத்த பெட்டியைத் திரும்ப வைத்துவிட்டுக் கொழுப்புக் குறைந்த பாலைத் தள்ளுவண்டியில் போடும் பெற்றோரைக் கண்டிருக்கிறேன். பெரியவர்களுக்கு அது சரியான தேர்வு. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கோ கொழுப்பு தேவை. கொழுப்புக் குறைந்த பாலை இரண்டு வயதுக்குப் பிறகே யோசிக்க வேண்டும். இதைச் சொல்லும் ஒரு வரியைச் சுகாதார மேம்பாட்டு வாரியம் பால் அடுக்கிலேயே நான்கு மொழிகளிலும் வைக்கலாம்.

பாதாம் பாலிலும் ஓட்ஸ் பாலிலும் புரதம் மிகக் குறைவு. பசும்பால் ஒவ்வாத பிள்ளைக்குக் கால்சியம் சேர்த்த, சர்க்கரையில்லாத சோயாப் பால் ஓரளவு ஈடாகும். கெட்டிப்பாலைக் கரைத்துக் கொடுக்கும் வழக்கமும், தாத்தாவின் கோப்பையிலிருந்து தேநீர் ஊட்டும் வழக்கமும் அடியோடு நிற்க வேண்டும். சர்க்கரை சேர்த்த கெட்டிப்பாலைக் குழந்தை உணவாக விற்றதால் பச்சிளங்குழந்தைகள் மடிவதைக் கண்டு, மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் இதே சிங்கப்பூரில் ரோட்டரி சங்கத்தின் முன் "பாலும் கொலையும்" என்ற தலைப்பில் கடுமையாகப் பேசினார். அந்த எச்சரிக்கை பிறந்த ஊரில் வாழும் நாம் அதை மறக்கலாகாது. தேநீரோ சர்க்கரை இல்லாவிட்டாலும் இரும்புச்சத்தைத் தடுக்கும்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கு வெளியிலிருந்து எதுவும் தேவையில்லை. குழைய வடித்த சோற்றில் பாசிப்பருப்பையும் ஆய்ந்து நறுக்கிய முருங்கைக்கீரையையும் சேர்த்து மசித்து, ஒரு சொட்டு நெய் விட்டு, கடைசியில் சில துளி எலுமிச்சைச் சாறு பிழியுங்கள்; கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலில் சேர அந்தப் புளிப்பில் உள்ள வைட்டமின் சி உதவும். நெத்திலியை நன்றாக ஊறவைத்து உப்பைப் போக்கி, வறுத்துப் பொடித்துத் தூவலாம். முள் நீக்கிய மீன், முட்டை, வாரத்துக்கு ஒருமுறை சிறிது கோழி ஈரல் என எல்லாமே தேக்கா ஈரச்சந்தையில் கிடைப்பவைதாம். பாலே வேண்டாம் என்று தள்ளும் பிள்ளைக்கு முளைகட்டிய கேழ்வரகுக் கூழ் இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. முழுத் திராட்சை, வேர்க்கடலை, மீன் உருண்டை ஆகியவை மட்டும் தொண்டையில் சிக்கக்கூடியவை. நறுக்கியோ அரைத்தோ கொடுக்க வேண்டும்.

பாலைக் குறைக்க விரும்புவோர் முதலில் பகல் போத்தலை நிறுத்திவிட்டு, சாப்பாடு முடிந்த பிறகு கோப்பையில் கொடுக்கப் பழக்கலாம். படுக்கையில் போத்தலோடு தூங்க வைப்பது பல்லையும் கெடுக்கும். இதில் பாட்டி, பணிப்பெண், பராமரிப்பு நிலைய ஆசிரியர் எல்லோரும் ஒரே முறையைப் பின்பற்றினால்தான் பலன் தெரியும். ஆளுக்கொரு போத்தல் கொடுத்தால் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதே தெரியாமல் போய்விடும்.

குறைமாதத்தில் பிறந்த, எடை கூடாத, பால் புரத ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு மருத்துவர் சொல்வதே இறுதி. நான் மேலே எழுதியதை வைத்து அவர்களுடைய பாலை மாற்ற வேண்டாம். மற்றவர்கள் 12, 15, 18 மாதத் தடுப்பூசிகளுக்காகப் பலதுறை மருந்தகத்துக்குப் போகும்போது, குழந்தை ஒரு நாளில் எத்தனை மில்லி பால் குடிக்கிறது என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை தேவையா என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அந்த அளவு பெரிதும் உதவும்.