மேற்கோள்குறிகளைக் காணவில்லை

நேற்று இரவு பதினொன்றரைக்கு நிரல்கள் படிப்பதற்காகத் தரவை எழுதிவைக்கும் ஜேசன் (JSON) கோப்பு ஒன்றை, விம் (Vim) என்ற உரைத் திருத்தியில் திறந்தேன். மேற்கோள்குறி ஒன்றுகூட இல்லை. நூற்று நாற்பது வரியிலும் வெறும் சொற்களும் முக்காற்புள்ளிகளும்தான். யாரோ அரிவாளோடு வந்து அறுத்துக்கொண்டு போனதைப் போல மொட்டையாகக் கிடந்தது கோப்பு.

அனுப்பிய பையனைக் கூப்பிட்டேன். "தம்பி, மேற்கோள்குறி போடாமல் ஜேசன் எழுத உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?"

"போட்டிருக்கிறேனே அண்ணா."

"எங்கே?"

"எல்லா வரியிலும் அண்ணா."

பொய் சொல்கிறான் என்று முடிவு கட்டினேன். பெரிய மனது பண்ணி நானே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தேன். 'போர்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் போய் மேற்கோள்குறியை அழுத்தினேன். வரவில்லை. இன்னும் ஓங்கி அழுத்தினேன். சொல்லின் நிறம் மாறியது, குறி வரவில்லை. கர்சரை வலப்பக்கம் ஒரு தட்டு தட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கிறது, இன்னொரு தட்டுக்குத்தான் நகர்கிறது. விசைப்பலகை போய்விட்டது! கவிழ்த்துத் தட்டினேன். முறுக்குத் தூள் கொட்டியது. மறுபடி அழுத்தினேன். கோப்பைச் சேமித்து சர்வரை ஓட்டினால் மூன்றாம் வரியிலேயே பிழை. சந்தேகம் வந்து டெர்மினலில் கோப்பை அப்படியே கொட்டிப் பார்த்தேன். 'போர்ட்' என்ற சொல்லுக்கு முன்னால் ஏழு மேற்கோள்குறிகள், எறும்புச் சாரி மாதிரி.

ஆக, பையன் போட்டிருந்தான். நானும் போட்டிருந்தேன், அதுவும் ஆறு முறை. விம் அத்தனையையும் மடியில் கட்டிக்கொண்டு ஒன்றும் தெரியாத பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

இதற்குப் பெயர் கன்சீல் (conceal). 2010இல் விம்மின் 7.3 பதிப்போடு வந்த வசதி. எழுத்தைக் கோப்பில் விட்டுவிட்டுத் திரையில் மட்டும் மறைக்கும். எவ்வளவு மறைப்பது என்று சொல்லும் அமைப்பு கன்சீல்லெவல்: 0 என்றால் எல்லாம் தெரியும், 2 என்றால் மாற்று எழுத்து இல்லாதது மொத்தமாக மறையும், 3 என்றால் கேட்கவே வேண்டாம். கட்டளைகளை வைத்து ஆவணம் அமைக்கிற லாடெக் (LaTeX) எழுதுகிறவர்களுக்கு 'ஆல்ஃபா' கட்டளை இருக்கிற இடத்தில் கிரேக்க எழுத்தே தெரியும்; அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மேற்கோள்குறி இல்லாவிட்டால் செத்துப்போகிற ஜேசனில் மேற்கோள்குறியையே மறைக்கலாம் என்று தோன்றிய அந்த ஞானோதயம் எந்த மரத்தடியில் நிகழ்ந்தது?

இயல்பு மதிப்பு 0தான். நான் அதைத் தொட்டதே இல்லை. பிறகு யார் 2 ஆக்கியது? கன்சீல்லெவலுக்கு முன்னால் 'வெர்போஸ் செட்' போட்டுக் கேட்டேன். கடைசியாக மாற்றிய கோப்பின் பெயரை விம் நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொடுத்தது. பைத்தானில் உள்தள்ளலைப் பார்க்க வசதியாகச் செங்குத்துக் கோடு வரைய, போன வருடம் நான் விம்மில் ஆசையாக நிறுவிய ஒரு செருகுநிரல். வெற்றிடத்தை மறைத்து அந்த இடத்தில் கோட்டை நிறுத்துவதுதான் அதன் வித்தையாம். அதற்காகக் கன்சீலைத் திறந்துவிட்டிருக்கிறது. திறந்த கதவு வழியே மேற்கோள்குறிகளும் வெளியேறிவிட்டன. கோடு கேட்டது ஒரு குற்றமா?

கர்சர் நிற்கிற வரியிலாவது உண்மையைக் காட்டக்கூடாதா? கன்சீல்கர்சர் என்று அதற்கும் ஓர் அமைப்பு இருக்கிறது. அதையும் இந்தச் செருகுநிரல் புண்ணியவான் மாற்றி, நான் தட்டச்சு செய்கிற வரியில்கூட நான் தட்டியதை எனக்கே மறைத்திருக்கிறான். விம்மின் அமைப்புக் கோப்பான விம்ஆர்சியில் கன்சீல்லெவல் 0 என்று எழுதி வைத்தேன். கோப்பைத் திறந்ததும் மறுபடி 2. கடைசியில் செருகுநிரலின் சொந்த அமைப்பைத் தேடிப் பிடித்து, கன்சீலில் கை வைக்காதே என்று தனியாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது மேற்கோள்குறிகள் தெரிகின்றன. கோடுகள் போய்விட்டன.

மணி ஒன்றரை. பையனுக்கு "சரியாகிவிட்டது" என்று மட்டும் செய்தி அனுப்பினேன். எப்படி என்று கேட்டான். பதில் போடவில்லை.

ஒரு வாய் காப்பியாவது குடிக்கலாம் என்று அடுப்படிக்குப் போனால், 'காப்பித்தூள்' என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிற டப்பாவில் சீரகம். சரி, 'சீரகம்' டப்பாவைத் திறந்தேன். ரப்பர் பேண்டுகள்.