முகத்தில் முடியா? பேக்கேஜை ஒதுக்கிவிட்டு இதைக் கேளுங்கள்

ஒரு பெண்ணின் தாடையில் நாலு கறுத்த முடி தெரிந்ததும் 'பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) பேக்கேஜ்' என்று ஒரு முழ நீளப் பட்டியலை லேப்பில் நீட்டுகிறார்கள். அதில் பாதி தண்டச்செலவு. சினைப்பையை இயக்கும் எல்எச், எஃப்எஸ்எச் என்ற இரு ஹார்மோன்களின் விகிதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிசிஓஎஸ்ஸை (பிசிஓடியின் இன்னொரு பெயர்) உறுதிசெய்யும் இன்றைய அளவுகோல்களில் அதற்கு இடமே இல்லை, பில்லில் மட்டும் இருக்கிறது. மாதவிடாய் ஒழுங்காக வந்து, மேலுதட்டில் மட்டும் பூனைமுடி என்றால் எந்தப் பரிசோதனையும் வேண்டாம்; த்ரெட்டிங் போதும்.

தாடை, மார்பு, தொப்புளுக்குக் கீழ் என்று முரட்டு முடி பரவியிருந்தால் முதலில் பார்க்க வேண்டியது மொத்த டெஸ்டோஸ்டிரோன் (பெண்களிடமும் சிறிதளவு இருக்கும் ஆண் ஹார்மோன்). கூடவே எஸ்எச்பிஜி. டெஸ்டோஸ்டிரோனைப் பிடித்து வைத்திருக்கும் புரதம் அது. உடல் எடையும் இன்சுலினும் கூடினால் அது குறையும். அப்போது மொத்த அளவு நார்மல் என்றே ரிப்போர்ட் வரும், ஆனால் பிடியில் சிக்காத பங்கு கூடி முடியை வளர்க்கும். அந்தப் பங்கை இந்த இரண்டு எண்களிலிருந்தே கணக்கிடலாம். 'ஃப்ரீ டெஸ்டோஸ்டிரோன்' என்று நேரடியாக அளக்கும் சாதாரண கிட்டை நம்பாதீர்கள். பெண்களின் ரத்தத்தில் உள்ள சிறிய அளவில் அது தடுமாறும். எல்சி-எம்எஸ் என்ற துல்லியமான முறையில் அளக்கும் லேப் கிடைத்தால் நல்லது.

பெரும்பாலும் கோளாறு ரத்தம் எடுக்கும் முன்பே நடந்துவிடுகிறது. மாதவிடாயின் 2 முதல் 5ஆம் நாளுக்குள், காலை 8 மணி வாக்கில் கொடுங்கள். கருத்தடை மாத்திரை எஸ்எச்பிஜியை ஏற்றி டெஸ்டோஸ்டிரோனை இறக்கிவிடும். நிறுத்தி 3 மாதமாவது ஆகியிருக்க வேண்டும். டாக்டரிடம் பேசாமல் நிறுத்த வேண்டாம். தலைமுடிக்காகச் சாப்பிடும் பயோட்டின் மாத்திரையை யாரும் சொல்வதே இல்லை. 10 மில்லிகிராம் பயோட்டின், சில இயந்திரங்களில் டெஸ்டோஸ்டிரோனைப் பொய்யாக ஏற்றி, தைராய்டு பரிசோதனையான டிஎஸ்எச்சைப் பொய்யாக இறக்கிக் காட்டும். 3 நாள் முன்பே நிறுத்துங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் முதலில் கர்ப்பப் பரிசோதனை.

அதே காலை ரத்தத்தில் 17-ஓஎச் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனும் பார்க்கச் சொல்லலாம், குறிப்பாகக் குடும்பத்தில் பலருக்கு இப்படி இருந்தால். சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் குறையைப் பிடிப்பது அதுதான். 2 நானோகிராம்/மிலிக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயமில்லை. 10க்கு மேல் என்றால் அந்தக் குறைதான். இடையில் நின்றால் அட்ரீனலைத் தூண்டும் ஏசிடிஎச் ஊசி போட்டு ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அளப்பார்கள். மாதத்தின் பிற்பாதியில் கொடுத்தால் இது இயல்பாகவே ஏறும், வீண் பீதிதான் மிச்சம்.

ரிப்போர்ட்டில் அலகைப் பாருங்கள்: 0.5 நானோகிராம்/மிலியும் 50 நானோகிராம்/டெசிலிட்டரும் ஒன்றே. மொத்த டெஸ்டோஸ்டிரோன் 150 நானோகிராம்/டெசிலிட்டரைத் தாண்டினாலோ, அட்ரீனல் சுரக்கும் டிஎச்இஏ-எஸ் ஹார்மோன் 700 மைக்ரோகிராம்/டெசிலிட்டரைத் தாண்டினாலோ, சில மாதத்துக்குள் முடி மளமளவென்று பரவிக் குரலும் தடித்தாலோ தாமதிக்காதீர்கள். சினைப்பையிலோ அட்ரீனலிலோ கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்க வேண்டும்.

எல்லா எண்ணும் நார்மல், முடி மட்டும் வளர்கிறது என்பதும் உண்டு. மயிர்க்கால்தான் அங்கே கூருணர்வோடு இருக்கிறது. அதற்கும் சிகிச்சை உண்டு. பலன் தெரிய 6 மாதம் ஆகும். மாதாமாதம் ரத்தம் கொடுத்துப் பார்க்க அதில் ஒன்றுமில்லை.