இனிப்பு பான வரி: ஒரு திருத்தம்

"குளிர்பானத்துக்கு வரி போட்டு எந்த நாட்டிலும் பயனில்லை, கஜானாதான் நிரம்புகிறது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது உண்மையல்ல.

மெக்சிகோவில் 2014 ஜனவரியில் லிட்டருக்கு 1 பெசோ வரி வந்தது. வரி இல்லாவிட்டால் வாங்கியிருப்பார்கள் என்று கணித்த அளவைவிட அந்த ஆண்டு சராசரியாக 6 சதவீதம் குறைவாகவே மக்கள் வாங்கினார்கள். ஏழைக் குடும்பங்களில் இன்னும் அதிகமாகக் குறைந்தது.

பிரிட்டன் கதை வேறு. அங்கே வரி சர்க்கரை அளவைப் பொறுத்தது. 100 மில்லியில் 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரியே கிடையாது. 2016-ல் அறிவித்துவிட்டு 2018 ஏப்ரலில்தான் அமல்படுத்தினார்கள். அந்த இடைவெளியில் பல கம்பெனிகள் தயாரிப்பையே மாற்றிவிட்டன. 100 மில்லிக்கு 10 கிராம் என்றால் 330 மில்லி கேனில் 33 கிராம் சர்க்கரை. வரம்புக்குக் கீழே இறக்கினால் 16 கிராம்தான். குடிப்பவர் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை, பாருங்கள்! கஜானா நிரப்புவதுதான் நோக்கம் என்றால் தப்பிக்க இப்படி வழி விட்டிருப்பார்களா?

சரி, வரி மட்டுமே உடல் பருமனைத் தீர்த்துவிடாது. பள்ளி உணவு, குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம், பயமில்லாமல் நடக்க நடைபாதை எல்லாம் சேர்ந்தே மாற வேண்டும். அதற்காக, பலன் தெரிந்த ஒன்றைப் பயனில்லை என்று சொல்வது நியாயமில்லை.